கீறல் விழுந்த பின்னும் பாடும் தகடு

இசைத்தட்டின் மேல் மெல்லிய கீறல் ஒன்று விழுந்துவிட்டால், தட்டு ஒரு சுற்றுச் சுற்றி அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ‘டக்’ என்ற ஒலி தவறாமல் கேட்கும். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டில் அது 1.8 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்து பாட்டைக் குலைக்கும். குறுந்தகட்டிலோ, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும் கீறல்களும் விரல் ரேகைகளும் இருந்தும், பாட்டு பெரும்பாலும் தடையின்றி ஓடுகிறது. முறைப்படி பார்த்தால் இது தலைகீழாக அல்லவா நடக்க வேண்டும்? இசைத்தட்டின் வரிப்பள்ளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமுடையது. குறுந்தகட்டில் இசையைத் தாங்கி நிற்கும் குழியின் அகலமோ மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். நூறு மடங்கு நுண்மையாக எழுதப்பட்ட ஒன்று, அதே கீறலுக்கு நூறு மடங்கு எளிதாகச் சிதைய வேண்டும்.

சிதையத்தான் செய்கிறது. கீறலுக்கு அடியில் உள்ள ஆயிரக்கணக்கான குறிகள் வாசிக்க முடியாதவையாகிவிடுகின்றன. ஆனால் அந்த இழப்பு காதுக்கு எட்டுவதற்கு முன்பே ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் 1,68,000 யென் விலையில் விற்பனைக்கு வந்த சோனி நிறுவனத்தின் சிடிபி-101, அதை அடுத்து வந்த நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துச் சிடி100 ஆகிய முதல் தலைமுறைச் சி.டி. பிளேயர்களின் உள்ளமைப்பை ஆராய்ந்தால், அவற்றின் உண்மையான சாதனை பிழையில்லாமல் வாசிப்பதில் இல்லை, பிழை வந்தே தீரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கேற்ப எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டதில் இருக்கிறது என்பது தெளிவாகும்.

தகட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது?

ஒலி என்பது காற்றழுத்தத்தின் இடையறாத ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கத்தின் உயரத்தை மிகக் குறுகிய இடைவெளிகளில் அளந்து, அளவுகளை எண்களாகக் குறித்துவைப்பதே மாதிரியெடுப்பு. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை இந்த அளவீடு நடக்கிறது. மனிதச் செவி கேட்கக்கூடிய மேல் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். ஓர் அதிர்வைப் பிடிக்கக் குறைந்தது இரண்டு அளவீடுகளாவது வேண்டும் என்பதால் 40,000-க்குச் சற்று மேற்பட்ட எண் தேவைப்பட்டது. அது ஏன் மிகச்சரியாக 44,100 என்றால், எண்வடிவ ஒலியைப் பதிவுசெய்ய அக்காலத்தில் வீடியோ நாடாக்களே பயன்பட்டன என்பதும், நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 அளவீடுகள் என்று அவற்றில் எழுதினால் கிடைக்கும் பெருக்கல் தொகை அதுவே என்பதும்தான் காரணம்.

ஒவ்வோர் அளவும் 16 பிட் நீளமுள்ள எண், அதாவது சுழியும் ஒன்றும் மட்டுமே கொண்ட 16 இலக்கங்கள். இதனால் 65,536 வெவ்வேறு உயரங்களைப் பிரித்தறிய முடியும். இடம், வலம் என்ற இரண்டு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட்டுகள் தேவை. இவை தகட்டின் உட்புறத்தில் தொடங்கி வெளிநோக்கி விரியும் ஒரே சுருள் பாதையில், நுண்ணிய குழிகளாகவும் குழிகளுக்கு இடைப்பட்ட சமதளங்களாகவும் பதிக்கப்படுகின்றன. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையிலான தொலைவு 1.6 மைக்ரான். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகட்டில் சுருண்டிருக்கும் இந்தப் பாதையைப் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும்.

குழி என்றால் ‘ஒன்று’, சமதளம் என்றால் ‘சுழி’ என்று பலர் எண்ணுவது சரியல்ல. குழி தொடங்கும் விளிம்பும் முடியும் விளிம்பும்தான் ‘ஒன்று’. அவற்றுக்கு இடைப்பட்ட நீளம் முழுதும் சுழிகளின் வரிசை. அப்படியானால் இரண்டு ‘ஒன்று’கள் அடுத்தடுத்து வரும்போது குழி அளவுக்கு மீறிச் சிறுத்துவிடும்; சுழிகள் நெடுக வந்தாலோ பிளேயர் எண்ணிக்கையைத் தவறவிடும். இதைத் தவிர்க்க, பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த கேஸ் இம்மிங்க் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு 8 பிட் தொகுப்பும் 14 பிட் தொகுப்பாக மாற்றி எழுதப்படுகிறது. இரண்டு ‘ஒன்று’களுக்கு இடையே குறைந்தது இரண்டு, மிகுந்தால் பத்துச் சுழிகளே வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்குள் அடங்கும் தொகுப்புகள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டதால், தகட்டில் உள்ள எல்லாக் குழிகளும் ஒன்பது வகை நீளங்களுக்குள் அடங்கிவிட்டன. மிகச் சிறியது 0.8 மைக்ரானுக்குச் சற்று மேல், மிகப் பெரியது 3 மைக்ரானுக்குச் சற்று மேல். எழுதும் இலக்கங்களின் எண்ணிக்கை பெருகினாலும் வாசிப்பதற்கு உறுதியான வடிவங்கள் மட்டுமே எஞ்சின என்பதால் இந்தப் பேரம் இலாபமாகவே முடிந்தது.

ஒளிக்கற்றையின் வேலை

வாசிப்பது ஒரு குறைக்கடத்தி லேசர்; அதன் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், அதாவது 0.78 மைக்ரான். தகட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்குள் நுழைந்ததும் ஒளி வேகம் குறைந்து, அலைநீளம் ஏறத்தாழ 500 நானோமீட்டராகச் சுருங்குகிறது. குழியின் ஆழம் இதில் ஏறக்குறைய கால்பங்கு. ஆகவே குழியின் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி, சுற்றியுள்ள சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைவிடப் போகும்போது கால் அலையும் வரும்போது கால் அலையுமாக மொத்தம் அரை அலை பின்தங்குகிறது. ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தோடு சேர்ந்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்க, குழி இருளாகவும் சமதளம் ஒளியாகவும் உணரியில் பதிவாகின்றன.

இங்கேயே முதல் பாதுகாப்பு அமைந்துவிட்டது. குழிகளின் மேல் 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் இருக்கிறது. லேசர் கற்றை அதன் வெளிமுகத்தில் நுழையும்போது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகலமாக இருந்து, உள்ளே குவிந்து, குழிகளை அடையும்போது 1.7 மைக்ரானாகச் சுருங்குகிறது. வெளிமுகத்தில் ஒட்டிய 0.1 மில்லிமீட்டர் தூசு கற்றையின் பரப்பில் அறுபதில் ஒரு பங்கைத்தான் மறைக்கும். அதன் நிழல் குழியை எட்டுவதில்லை. பெயர் அச்சிடப்பட்ட மேற்பக்கத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. அங்கே அலுமினியப் படலத்துக்கு மேல் மெல்லிய அரக்குப் பூச்சும் அச்சு மையும் மட்டுமே இருப்பதால், பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பொத்திப் பாதுகாத்துவிட்டு மேற்பக்கத்தை மேசையில் தேய்ப்பவர்கள் தகட்டின் மென்மையான பக்கத்தையே காயப்படுத்துகிறார்கள்.

சுழலும் தகடு ஒருபோதும் தட்டையாக நிற்பதில்லை. மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் வரை அலையக்கூடும். லேசரின் குவியமோ இரண்டு மைக்ரான் விலகினாலே மங்கிவிடும். எனவே வில்லை ஒரு மின்காந்தச் சுருளில் மிதக்கவிடப்பட்டு, தகடு ஏறினால் ஏறியும் இறங்கினால் இறங்கியும் அதைப் பின்தொடர்கிறது. திரும்பி வரும் ஒளி நான்கு துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட உணரியின் மேல் விழுகிறது. இடையில் வைத்த உருளைவில்லையின் காரணமாக, குவியம் சரியாக இருந்தால் ஒளிப்புள்ளி வட்டமாகவும், தகடு அருகே வந்தால் ஒரு பக்கம் சாய்ந்த நீள்வட்டமாகவும், விலகினால் மறுபக்கம் சாய்ந்த நீள்வட்டமாகவும் மாறுகிறது. எதிரெதிர்த் துண்டுகளில் விழும் ஒளியின் வேறுபாடே வில்லையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. விலகலைத் தானே அளந்து தானே திருத்திக்கொள்ளும் இத்தகைய அமைப்புக்குச் சர்வோ என்று பெயர்.

பாதையைவிட்டுப் பக்கவாட்டில் விலகாமலிருக்க மற்றொரு சர்வோ உண்டு. ஜப்பானிய நிறுவனங்கள் பெரும்பாலும் முதன்மைக் கற்றைக்கு முன்னும் பின்னும் துணைக்கற்றைகளை ஓடவிட்டு, அவை சமமாகத் திரும்புகின்றனவா என்று ஒப்பிடும் மூன்று கற்றை முறையைக் கையாண்டன. பிலிப்ஸ் ஒரே கற்றையோடு, ஊசல்போல் வளைகோட்டில் அசையும் ஒரு கையில் வில்லையைப் பொருத்தியது.

இரண்டு மில்லிமீட்டர் கீறல்

இத்தனைக்குப் பிறகும் வாசிக்க முடியாத இடங்கள் இருக்கும். தகட்டின் குறுக்கே ஒரு கீறல் விழுந்து, பாதையில் 2 மில்லிமீட்டர் நீளம் முற்றிலும் படிக்க முடியாமல் போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பாதை லேசரின் முன் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வரையிலான ஒரே சீரான வேகத்தில் ஓடுகிறது, 1.25 மீட்டர் என்று கொண்டால் 2 மில்லிமீட்டரைக் கடக்க 1.6 மில்லிநொடி ஆகும். இசை எண்கள் சட்டகங்களாகக் கட்டப்பட்டிருக்கின்றன. சட்டகம் என்பது 8 பிட் கொண்ட பைட்டுகளின் சிறு கட்டு; அதில் இசைக்கு உரியவை 24 பைட், பிழை திருத்தத்துக்கு உரிய காப்பு எண்கள் 8 பைட். நொடிக்கு 7,350 சட்டகங்கள் ஓடுவதால், 1.6 மில்லிநொடியில் ஏறத்தாழ 12 சட்டகங்கள் பறிபோகின்றன. 288 பைட் இசை அழிந்துவிட்டது. எண்கள் இசையின் வரிசையிலேயே எழுதப்பட்டிருந்தால், அடுத்தடுத்த 72 அளவீடுகள் இரண்டு தடங்களிலும் ஒருசேரக் காணாமற்போய், இசைத்தட்டில் கேட்பது போன்ற வெடிப்பொலியே கேட்டிருக்கும்.

அப்படி எழுதப்படாததில்தான் விடை இருக்கிறது. தகட்டைத் தயாரிக்கும்போதே, ஒரு கணத்துக்குரிய 24 பைட்டுகளோடு 4 காப்பு எண்கள் சேர்க்கப்பட்டு 28 பைட் குழு ஒன்று உருவாகிறது. பிறகு இந்தக் குழு கலைக்கப்பட்டு, 28 பைட்டுகளும் நந்நான்கு சட்டக இடைவெளியில் 28 வெவ்வேறு சட்டகங்களுக்கு அனுப்பப்படுகின்றன. முதல் பைட்டுக்கும் கடைசிப் பைட்டுக்கும் இடையே 108 சட்டகங்கள். பாதையில் அது 18 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. இவ்வாறு சிதறடித்து எழுதுவதை இடைப்பின்னல் எனலாம். ஒவ்வொரு சட்டகத்திலும் இப்போது 28 வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்த பைட்டுகள் வந்து கூடியிருக்கின்றன. அவற்றுக்குக் காவலாக மேலும் 4 காப்பு எண்கள் சேர, சட்டகம் 32 பைட்டாக நிறைவடைகிறது.

கீறல் 12 சட்டகங்களை அழித்தது. ஒரு குழுவின் பைட்டுகள் நான்கு சட்டகத்துக்கு ஒன்றாக நிற்பதால், எந்தக் குழுவை எடுத்தாலும் அதில் அழிந்தவை மூன்று பைட்டுகளுக்கு மேல் இரா. ஒரே இடத்தில் விழுந்த பெரிய இழப்பு, பல குழுக்கள் பகிர்ந்துகொண்ட சிறிய இழப்பாகிவிட்டது.

இனி அந்த மூன்றை மீட்க வேண்டும். 7, 12, 5 என்ற மூன்று எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகையான 24-ஐயும் எழுதிவைத்தால், நடுவில் உள்ள எண் அழிந்தாலும் 24-இலிருந்து 7-ஐயும் 5-ஐயும் கழித்து அது 12 என்று கண்டுகொள்ளலாம். ஒரு காப்பு எண்ணுக்கு ஓர் எண்ணை மீட்கும் ஆற்றல் உண்டு, எது அழிந்தது என்பது தெரிந்திருந்தால். எது தவறு என்று தெரியாதபோது, தவறு எங்கே என்பதைக் கண்டுபிடிக்கவே பாதி ஆற்றல் செலவாகிவிடும். அமெரிக்கக் கணிதவியலாளர்களான இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் 1960-இல் வெளியிட்ட முறை, வெறும் கூட்டலுக்குப் பதிலாக நுட்பமான எண்கணிதத்தைப் பயன்படுத்தி இதையே பல காப்பு எண்களுக்கு விரிவாக்கியது. அதன்படி நான்கு காப்பு எண்கள், இடம் தெரியாத இரண்டு பிழைகளையோ இடம் தெரிந்த நான்கு இழப்புகளையோ திருத்தும். சட்டகத்தின் காவலுக்கு வைத்த அந்த இரண்டாம் வரிசைக் காப்பு எண்களின் அருமை இங்கேதான் விளங்குகிறது: தூசாலும் உற்பத்திக் குறையாலும் வரும் சில்லறைப் பிழைகளை அவை தாமே திருத்துகின்றன, திருத்த முடியாத அளவு அழிந்த சட்டகம் வந்தால், அதன் பைட்டுகள் அனைத்தையும் நம்பத்தகாதவை என்று குறியிட்டு அடுத்த கட்டத்துக்கு அனுப்புகின்றன. அழிந்த இடங்கள் தெரிந்துவிட்டதால் நான்கு வரை மீட்கலாம். கீறலால் அழிந்தவையோ மூன்று. 288 பைட்டுகளும் ஒரு பிட் பிசகாமல் திரும்ப உருவாகின்றன. தோராயமாக ஒட்டுப்போட்ட இசையன்று இது, ஒலிக்கூடத்தில் பதிவான அதே எண்கள்.

கணக்கின் எல்லையும் இதிலிருந்தே தெரிகிறது. ஒரு குழுவுக்கு நான்கு இழப்புகள், நந்நான்கு சட்டக இடைவெளி என்றால் 16 சட்டகங்கள், அதாவது பாதையில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை முழுமையாக மீட்கலாம். இந்த எல்லையைத் தொடுவது பிளேயரின் சில்லுகளைப் பொறுத்தது. காப்பு எண்களை எழுதும் முறையைத்தான் சோனியும் பிலிப்ஸும் 1980-இல் உடன்பட்ட தரக்கோவை வரையறுத்தது, அவற்றை எந்த அளவுக்குப் பயன்படுத்துவது என்பதைத் தயாரிப்பாளர்களிடம் விட்டுவிட்டது.

எல்லை தாண்டினால் அடுத்த தற்காப்பு இடைமதிப்பிடல். இரட்டைப்படை அளவீடுகளும் ஒற்றைப்படை அளவீடுகளும் முன்கூட்டியே பிரித்துத் தள்ளி எழுதப்பட்டிருப்பதால், ஓர் அளவீடு மீளாமற்போனாலும் அதன் இரு அண்டை அளவீடுகளும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அவற்றின் சராசரியை அந்த இடத்தில் நிரப்பினால் காது கண்டுபிடிக்காது. அதுவும் இயலாதபோது, வெடிப்பொலி எழவிடாமல் பிளேயர் ஒலியைத் தணித்து மௌனமாக்கிவிடுகிறது. தகட்டை மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது என்ற அறிவுரையும் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தது: குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அழிக்கும், பாதையோடு ஒட்டி ஓடும் வட்டக் கீறலோ ஒரே மூச்சில் பல சென்டிமீட்டர்களை விழுங்கிவிடும்.

சோனிப் பொறியாளர்கள், குறிப்பாகத் தொஷிதாதா தோய், இந்தப் பிழைதிருத்த அமைப்பில் பெரும் பங்கு வகித்தனர். 1960-இல் தாளில் இருந்த கணிதத்தை ஒரு வீட்டுக் கருவிக்குள் நொடிதோறும் ஆயிரக்கணக்கான முறை செய்துமுடிக்கும் சில்லுகள் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே சாத்தியமாயின. இசையை நேசிப்பவர்கள் லேசரைப் பற்றி வியந்து பேசிய அளவுக்கு இந்தச் சில்லுகளைப் பற்றிப் பேசாதது பெருங்குறையே.

தாளம் தவறாமை

இடைப்பின்னலைப் பிரிக்க ஒரு நினைவகம் எப்படியும் வேண்டும். அந்த நினைவகமே மற்றொரு பழைய நோயையும் தீர்த்தது. இசைத்தட்டிலும் நாடாவிலும் மோட்டாரின் வேகம் சற்றே தடுமாறினாலும் சுருதி அசையும். சி.டி. பிளேயரில் எண்கள் எந்த ஒழுங்கின்மையோடு வந்தாலும் நினைவகத்தில் தங்கி, படிகக் கடிகாரத்தின் துடிப்புக்கு ஏற்ப வரிசையாக வெளியேறுகின்றன. நினைவகம் நிறையத் தொடங்கினால் மோட்டார் மெதுவாகிறது, குறைந்தால் விரைகிறது. தகட்டின் உட்சுற்றில் நிமிடத்துக்கு 500 சுழற்சியில் தொடங்கி வெளிச்சுற்றில் 200-ஆகக் குறையும் வேகமாற்றமும் இவ்வாறே தானாக நிகழ்கிறது.

பதினான்கு பிட்டில் பதினாறு

எண்களை மீண்டும் மின்னழுத்தமாக மாற்றும் இடத்தில் இரு நிறுவனங்களும் வெவ்வேறு வழிகளில் சென்றன. பிலிப்ஸ் 14 பிட் தகட்டை எதிர்பார்த்து 14 பிட் மாற்றிச் சில்லை உருவாக்கியிருந்தது. சோனியின் வற்புறுத்தலால் தரம் 16 பிட் என்று முடிவானது. சோனி தன் சிடிபி-101-இல் ஒரே ஒரு 16 பிட் மாற்றியை இடத்துக்கும் வலத்துக்கும் மாறி மாறிப் பயன்படுத்தியது. இதனால் ஒரு தடம் மற்றதைவிட நொடியில் பத்து இலட்சத்தில் 11 பங்கு தாமதமானது. ஒலி அந்த நேரத்தில் காற்றில் கடக்கும் தொலைவு 4 மில்லிமீட்டர்தான் என்பதால், கேட்பவர் தலையைச் சற்று அசைத்தாலே அதைவிட மிகுந்த வேறுபாடு உண்டாகும்.

அதைவிடக் கடினமான சிக்கல் வேறு. 44,100 அளவீடுகளிலிருந்து ஒலியை மீட்கும்போது அதன் போலி உருவங்களும் உடன் தோன்றும்: 20,000 அதிர்வுள்ள ஒலிக்கு 24,100-இல் ஒரு போலி. முன்னதைக் குறையாமல் விட்டு, பின்னதை முழுதும் தடுக்க வேண்டும் என்றால் வடிகட்டி செங்குத்துச் சுவர்போல் இருக்க வேண்டும். அத்தகைய வடிகட்டி மேல் எல்லையை ஒட்டிய ஒலிகளை நேரத்தில் சற்று இடம்பெயரச் செய்துவிடும். பிலிப்ஸ் ஒவ்வோர் இரண்டு அளவீடுகளுக்கும் இடையே மூன்று புதிய மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்பி, வேகத்தை 1,76,400 ஆக்கியது. மிகைமாதிரி என்று சொல்லத்தக்க இந்த முறையால் போலிகள் 1,56,000-க்கும் மேலே விரட்டப்பட, எளிய வடிகட்டியே போதுமானதாயிற்று.

அதே நான்கு மடங்கு வேகம் இழந்த இரண்டு பிட்டுகளையும் மீட்டுத்தந்தது. முழு எண்களை மட்டுமே சொல்லத் தெரிந்த ஒரு கருவியைக் கொண்டு 5.25 என்ற மதிப்பைச் சொல்ல வேண்டுமானால், விரைவாக 5, 5, 5, 6 என்று சொல்லவைத்தால் சராசரி 5.25 ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் வெட்டுண்ட மிச்சத்தைக் கைவிடாமல் அடுத்த எண்ணின் கணக்கில் சேர்த்து, 14 பிட் மாற்றியிலிருந்து 16 பிட்டுக்கு ஈடான தெளிவை அந்தச் சில்லுகள் வரவழைத்தன. சில ஆண்டுகளில் சோனி உட்பட ஏனையோரும் மிகைமாதிரிக்கு மாறியது, எண்ணிக்கையில் பின்தங்கியதாகத் தோன்றிய பிலிப்ஸின் அணுகுமுறையே நுட்பமானது என்பதை உறுதிசெய்தது.

பொத்தான்களும் குலுக்கலும்

ஒவ்வொரு சட்டகத்திலும் இசையோடு சேராத ஒரு பைட் உண்டு. பாட்டின் எண், அது தொடங்கி ஓடிய நேரம், தகட்டின் தொடக்கத்திலிருந்து ஓடிய நேரம் ஆகியவை அதில் அடங்கும்; தகட்டின் உள்விளிம்பில் பாட்டுகளின் பட்டியலும் இப்படியே எழுதப்பட்டிருக்கிறது. தகட்டை உள்ளே வைத்ததும் பிளேயர் முதலில் அந்தப் பட்டியலைப் படிப்பதால்தான், விரும்பிய பாட்டுக்குத் தாவுதல், வரிசையை மாற்றியமைத்தல், ஒரு பகுதியை மட்டும் திரும்பக் கேட்டல் என்ற வசதிகள் முதல் தலைமுறையிலேயே கிடைத்தன. முன்புறம் நீளும் தட்டத்தில் தகட்டை ஏந்திய சிடிபி-101-க்குத் தொலையியக்கியும் உடன் வந்தது. பிலிப்ஸின் சிடி100 மேல்மூடியைத் திறந்து தகட்டை வைக்கும் சிறிய கருவி.

1984 நவம்பரில் சோனி 49,800 யென் விலையில் டி-50 என்ற கைக்கருவியை வெளியிட்டபோது, இந்த ஏற்பாடுகள் அனைத்தின் எல்லையும் வெளிப்பட்டது. இடைப்பின்னல் காக்கக்கூடியது பாதையில் சில மில்லிமீட்டர்களை, காலத்தில் சில மில்லிநொடிகளை. நடக்கும்போது ஏற்படும் ஒரு குலுக்கல் வில்லையைப் பாதையிலிருந்தே தூக்கி எறிந்துவிடும். அது தன் இடத்தைத் தேடித் திரும்புவதற்குள் காப்பு எண்களால் ஈடுகட்ட முடியாத நேரம் கடந்துவிடும். தீர்வு 1990-களின் தொடக்கத்தில், நினைவகச் சில்லுகளின் விலை இறங்கிய பிறகே வந்தது: தகட்டைத் தேவைக்கு மேல் விரைவாகச் சுழற்றிச் சில நொடி இசையை முன்கூட்டியே நினைவகத்தில் சேமித்து, குலுக்கலின்போது சேமிப்பிலிருந்து பாட்டைத் தொடர்ந்து வழங்கி, அதற்குள் தகட்டின் நேரக்குறிகளைக் கொண்டு வில்லை தான் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து விட்டுப்போன எண்களை நிரப்பத் தொடங்கியது.